இரண்டு பிணங்கள் மீது வழக்கு நடந்த கதை தெரியுமா?

செத்துப்போன இரண்டு பேரைச் சபைக்குக் கொண்டுவந்து, ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, சாட்சிகளை விசாரித்து, தீர்ப்பும் வாசித்து, அதற்குப் பிறகு தூக்கில் தொங்கவிட்ட ஒரு தேசம் உண்டு, தெரியுமா? வருஷம் 1600. மாதம் நவம்பர். ஊர், ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. பிணங்கள் இரண்டும் அண்ணன் தம்பி. அவர்கள் உயிர்விட்டது ஆகஸ்ட் 5-ஆம் தேதி. அதாவது மூன்று மாதங்களுக்கு மேலாக அந்த உடல்களைக் கெட்டுப்போகாமல் பதப்படுத்தி வைத்திருந்தார்கள், குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக!

அண்ணன் பெயர் ஜான். பட்டப் பெயர் கௌரி பிரபு. நம் வீட்டுப் பெண்களின் பெயர்போலவே காதில் விழும், ஆனால் அது பெர்த் நகரை ஒட்டிய ஒரு வளமான சமவெளியின் பெயர். வயது இருபதுகளின் தொடக்கம். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஜெனீவாவில் தங்கி, பாரிஸையும் லண்டனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தம்பி அலெக்சாண்டருக்கு இருபதை ஒட்டிய வயது. குடும்பப் பெயரை எழுதும்போது 'ரத்வென்' என்று எழுத்துக்கூட்டுவார்கள், சொல்லும்போது 'ரிவன்' என்பார்கள். பெர்த் என்றதும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட வேண்டாம். அந்த பெர்த்துக்கே பெயர் கொடுத்த பழைய பெர்த் இது, டே நதிக்கரையில் இருக்கிறது.

இந்த இரண்டு பேரும் செத்த அன்று, பூட்டிய ஓர் அறைக்குள் என்ன நடந்தது என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லி அச்சடித்து ஊருக்கு விநியோகித்தவர் ஒரே ஒருவர். அவர்தான் ஸ்காட்லாந்தின் ராஜா, ஆறாம் ஜேம்ஸ். அவருக்கு அப்போது வயது 34. மூன்றே வருஷத்தில் இங்கிலாந்துக்கும் அவரே ராஜா ஆகப் போகிறார்.

ராஜா சொன்ன கதையையே முதலில் கேளுங்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும் மூச்சுவிட முடியாத கதை அது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. ஃபாக்லாந்து அரண்மனையில் காலையிலேயே மான் வேட்டைக்குக் கிளம்புகிறார் ராஜா. குதிரை ஏறப்போகும் நேரத்தில் அலெக்சாண்டர் வந்து நிற்கிறான். கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரு ரகசியம் சொல்கிறான். முந்தின நாள் சாயங்காலம் பெர்த்துக்கு வெளியே வயல்வெளியில் ஒரு ஆள் முகத்தை மூடிக்கொண்டு போனானாம். நிறுத்தி விசாரித்தால், அவன் போர்வைக்குள்ளே ஒரு பெரிய பானை, பானை நிறையத் தங்கக் காசு! அவனைக் கட்டி வீட்டில் அடைத்து வைத்திருக்கிறேன், அண்ணனுக்குக்கூடத் தெரியாது, ராஜா மட்டும் ரகசியமாக வரவேண்டும் என்கிறான்.

தங்கப் பானை! கஜானா எப்போதும் வறண்டு கிடந்த ராஜாவுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? வேட்டை முழுக்க அதே நினைப்பு. ஒருவேளை வெளிநாட்டுப் பணமோ, கலகம் மூட்ட யாரோ பாதிரி கொண்டுவந்ததோ என்றும் சந்தேகம். மான் விழுந்ததும் குதிரைகூட மாற்றாமல் கிளம்பிவிட்டார். தூரம் சுமார் 22 கிலோமீட்டர். கூடவே லெனாக்ஸ் கோமகன், மார் பிரபு, இன்னும் பதினைந்து இருபது பேர். வேட்டைக்குப் போட்ட அதே உடுப்பு. ஒருவர் மார்பிலும் கவசம் இல்லை. வழியில் லெனாக்ஸிடம் மட்டும் விஷயத்தை உடைத்தார். இது எனக்குச் சரியாகப் படவில்லை என்றார் லெனாக்ஸ். அந்த லெனாக்ஸ் யார் தெரியுமா? இறந்துபோன அவருடைய முதல் மனைவி இந்த ரிவன் வீட்டுப் பெண். சொந்த மச்சினனைப் பற்றித்தான் பேச்சு.

கௌரி மாளிகையில் ராஜா வரப்போகிறார் என்பதற்கான ஓர் அடையாளமும் இல்லை. கௌரி பிரபு சாப்பாட்டு மேஜையில் இருந்து பாதியில் எழுந்துவந்து வரவேற்கிறார். ராஜாவுக்குப் பந்தி தயாராகவே ஒரு மணி நேரம் பிடித்தது. இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள், அது பின்னால் வேண்டியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அலெக்சாண்டர் ராஜாவை மாடிக்கு அழைத்துப் போகிறான். ஒரு கதவு, பூட்டு. நீண்ட கூடம். இன்னொரு கதவு, பூட்டு. கடைசியில் ஒரு சின்னக் கோபுர அறை. அங்கே தங்கப் பானையும் இல்லை, கட்டிவைத்த ஆளும் இல்லை. கவசம் அணிந்து, இடுப்பில் குத்துவாளோடு ஒருவன் நிற்கிறான். அலெக்சாண்டர் அந்தக் குத்துவாளை உருவி ராஜாவின் மார்பில் வைத்து, "என் அப்பாவைக் கொன்றது நினைவிருக்கிறதா?" என்ற பொருளில் கேட்கிறான். ராஜா பேசுகிறார், கெஞ்சுகிறார், வாதாடுகிறார். பையன் தடுமாறிப்போய், அண்ணனைக் கேட்டு வருகிறேன், அதுவரை சத்தம் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வெளியே போகிறான்.

அதே நேரத்தில் கீழே தோட்டத்தில் ராஜாவின் பரிவாரம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? மரத்தில் இருந்து செர்ரிப் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தது! கோடைகால மத்தியானம், பக்கத்தில் டே நதி, கையெல்லாம் பழச்சாறு. இந்தச் செர்ரிப் பழம் சாட்சிகளின் வாக்குமூலத்திலேயே பதிவாகியிருக்கிறது. எத்தனையோ வருஷம் கழித்தும் இந்த வழக்கைப் படிக்கிறவர் நெஞ்சில் தங்குவது வாளும் ரத்தமும் அல்ல, அந்தப் பழங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது ஒருவன் ஓடிவந்து, ராஜா குதிரை ஏறிப் போய்விட்டார் என்கிறான். எல்லோரும் வாசலுக்கு ஓடுகிறார்கள். வாசல் காவல்காரனோ, ராஜா இந்தப் பக்கம் வரவே இல்லை என்று சாதிக்கிறான். கௌரி பிரபு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, போய்விட்டார் என்கிறார். தெருவில் நின்று இவர்கள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே ஒரு ஜன்னல் திறக்கிறது. சிவந்துபோன ராஜாவின் முகம். அந்த முகத்தையும் கழுத்தையும் பிடித்து நெரிக்கிற ஒரு கை. "துரோகம்! துரோகம்! என்னைக் கொல்கிறார்கள்!"

லெனாக்ஸும் மாரும் பெரிய படிக்கட்டில் பாய்ந்தார்கள். கதவு பூட்டு. ஓர் ஏணியைத் தூக்கிக் கதவில் மோதினார்கள், மோதினார்கள், ஏறக்குறைய அரைமணி நேரம் மோதியும் அசையவில்லை. ராஜாவைக் காப்பாற்றியது அந்தப் பெரிய மனிதர்கள் அல்ல. ஜான் ராம்சே என்ற இளம் பணியாள், மணிக்கட்டில் ராஜாவின் வேட்டைப் பருந்தோடு நின்றவன். பக்கவாட்டில் ஒரு குறுகலான சுழல்படி இருப்பதைக் கண்டு, பருந்தோடு அப்படியே மேலே ஓடினான். உள்ளே ராஜாவும் அலெக்சாண்டரும் கட்டிப் புரள்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். ராம்சே பருந்தை உதறிவிட்டுக் கத்தியை உருவுகிறான். உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிற ராஜா என்ன செய்தார் தெரியுமா? பருந்து பறந்துவிடாமல் இருக்க, அதன் கால்வாரைத் தன் காலால் மிதித்துக்கொண்டார்! சாவு கழுத்தைப் பிடித்த நேரத்திலும் வேட்டைக்காரனின் கால் தன் வேலையைச் செய்தது என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. சாவு அவ்வளவு பக்கத்தில் இருந்திருந்தால் பருந்து நினைவுக்கு வந்திருக்குமா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஒரே ஒரு கால் அசைவு, நானூறு வருஷ விவாதம்!

அலெக்சாண்டர் உள்ளே சட்டைக்கு அடியில் கவசம் போட்டிருக்கலாம், தாழக் குத்து என்று ராஜாவே கத்தினார். ராம்சே முகத்திலும் கழுத்திலும் குத்த, பையனைப் படியில் தள்ளினார்கள். மேலே ஏறி வந்துகொண்டிருந்த தாமஸ் எர்ஸ்கினும், ஹியூ ஹெரிஸ் என்ற டாக்டரும் அவன் கதையை முடித்தார்கள். விழும்போது அவன் சொன்ன கடைசி வார்த்தை பதிவில் இருக்கிறது. ஐயோ, இதில் என் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். இந்த ஒற்றை வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. பொய் சொல்லி யாரைக் காப்பாற்ற வேண்டும் அவனுக்கு அந்த நொடியில்?

அடுத்து கௌரி பிரபு. இரண்டு கையிலும் இரண்டு வாளோடு சில ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதே சுழல்படியில் ஏறினார். வழியில் தம்பியின் உடல். மேலே நான்கு பேரோடு வாள்சண்டை. ராஜாவைக் கொன்றுவிட்டாயே என்று யாரோ கத்த, திகைத்துப்போய் இரண்டு வாள்முனையையும் தாழ்த்தினார். கண்மூடித் திறப்பதற்குள் ராம்சேயின் வாள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

ராஜா மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார். வெளியிலோ ஊர் மணி அடித்துக்கொண்டிருந்தது. கௌரி பிரபுதான் பெர்த் நகரத்துக்குத் தலைவர். எங்கள் தலைவரைக் காட்டு என்று ஜனம் மாளிகையை வளைத்துக்கொண்டது. "டேவி துரையின் மகனே, இறங்கி வா!" என்று ராஜாவைப் பார்த்தே ஒரு குரல் எழுந்ததாகச் சொல்கிறார்கள். இருட்டும் மழையும் வந்த பிறகுதான் ராஜாவால் அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

அந்த டேவி துரை யார்? இதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ராஜாவின் தாயார் மேரி ராணியின் இத்தாலியக் காரியதரிசி டேவிட் ரிட்சியோ. 1566 மார்ச் 9-ஆம் தேதி இரவு, ஜேம்ஸை வயிற்றில் சுமந்திருந்த ராணியின் கண்ணெதிரே பிடித்து இழுத்துப்போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் குத்திக் கொன்றார்கள். அந்தக் கும்பலை நடத்தி வந்தவர்களில் ஒருவர், நோய்ப் படுக்கையில் இருந்து எழுந்து கவசம் மாட்டிக்கொண்டு வந்த பாட்ரிக் ரிவன் பிரபு. கௌரி பிரபுவின் சொந்தத் தாத்தா!

அதோடு நிற்கவில்லை. 1582 ஆகஸ்ட். பதினாறு வயது ஜேம்ஸ் வேட்டையாடிக் களைத்து, அழைப்பை ஏற்று ரிவன் கோட்டையில் தங்குகிறார். காலையில் பார்த்தால் கதவு அடைப்பு. பத்து மாதம் சிறை. பையன் அழுதபோது, தாடி வைத்தவர்கள் அழுவதைவிடச் சின்னப் பிள்ளைகள் அழுவது மேல் என்றார் உடன் நின்ற ஒரு பிரபு. அந்தக் கடத்தலை நடத்தியது யார்? கௌரி பிரபுவின் அப்பா வில்லியம். 1584-இல் ஸ்டர்லிங்கில் அவர் தலை வெட்டப்பட்டது. மறுபடியும் பாருங்கள்: ஆகஸ்ட் மாதம், வேட்டை, ரிவன் வீட்டு அழைப்பு. 1600-இல் அதே வீட்டுப் பையன் பானை நிறையத் தங்கம் என்று கூப்பிட்டதும் இந்த ராஜா தனியாகப் படியேறினார் என்றால், எப்படி நம்புவது?

நம்பாதவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். எடின்பரோ போதகர்களைக் கூப்பிட்டு, ராஜா உயிர் தப்பியதற்குக் கோயிலில் நன்றி வழிபாடு நடத்துங்கள் என்று உத்தரவு போனது. ராஜா உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்கிறோம், துரோகம் நடந்தது என்று மட்டும் சொல்ல மாட்டோம் என்றார்கள். மற்றவர்கள் பிறகு பணிந்துவிட, ராபர்ட் புரூஸ் என்ற போதகர் மட்டும் மனசாட்சி இடம் தரவில்லை என்று கடைசிவரை நின்றார். நாடு கடத்தப்பட்டு பிரான்ஸுக்குப் போனார். ஒரு பொய்யான வார்த்தைக்கு ஆசைப்பட்டிருந்தால் எடின்பரோவின் பெரிய பிரசங்க மேடை அவருக்கே இருந்திருக்கும். இந்தக் கதையில் நான் கைகூப்புகிற மனிதர் அவர்தான்.

அரண்மனைக்குள்ளேயே ஒருவர் நம்பவில்லை, அது ராணி அன்னா. கௌரியின் தங்கை பியாட்ரிக்ஸ் ராணியின் தோழி. அண்ணன்மார் செத்த கையோடு அவளை வேலையை விட்டுத் துரத்தினார் ராஜா. கர்ப்பிணியான ராணி கொதித்துப்போனார். பின்னால் ஒருநாள் பியாட்ரிக்ஸை யாருக்கும் தெரியாமல் தன் அறைக்கே வரவழைத்துப் பேசினார் என்று தெரிந்தபோது அரண்மனை அல்லோலகல்லோலப்பட்டது.

சரி, கோபுர அறையில் கவசத்தோடு நின்ற அந்த மூன்றாவது ஆள்? ரத்தக்களரி முடிந்தபோது அவன் மாயமாகியிருந்தான். யார் யாரையோ சந்தேகித்துத் தேடினார்கள். சில நாள் கழித்து, உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு, நான்தான் அது என்று வந்து நின்றார் ஆண்ட்ரூ ஹெண்டர்சன், கௌரியின் எஸ்டேட் கணக்குவழக்கு பார்த்தவர். மலைநாட்டுத் திருடன் ஒருவனைப் பிடிக்கப் போகிறோம், கவசம் போட்டுக்கொள் என்று எஜமானர் சொன்னாராம். போட்டுக்கொண்டாராம். கோபுரத்தில் வைத்துப் பூட்டினார்களாம். அவர் ராஜாவுக்கும் உதவினார், எஜமானருக்கும் கையோங்கவில்லை. அவருக்கு மன்னிப்பு கிடைத்தது, வருமானமும் கிடைத்தது. ராம்சேயும் ஹெரிஸும் 'சர்' பட்டம் வாங்கினார்கள், ராம்சே பின்னாளில் பிரபுவே ஆனார். கௌரியின் சாதாரண ஊழியர்கள் மூன்று பேரோ தங்களுக்கு எந்தச் சதியும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பெர்த்தில் தூக்கில் தொங்கினார்கள்.

இன்னொன்று தெரியுமா? ராஜா அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டிருந்தார்! கௌரியின் அப்பா அரசின் பொக்கிஷதாரராக இருந்தபோது கைக்காசைப் போட்டு ராஜாங்கத்தை ஓட்டினார். வட்டியோடு அது ஏறக்குறைய 80,000 ஸ்காட்டிஷ் பவுண்டாக ஏறியிருந்தது. அந்த ஜூன் மாதம்தான் சபையில் ராஜா கேட்ட புது வரியை கௌரி பிரபு எதிர்த்துப் பேசியிருந்தார். ஆகஸ்டில் அவர் இல்லை, கடனும் இல்லை. ஸ்கோன் மடத்து நிலங்கள் ராஜாவுக்கு வேண்டிய டேவிட் மரே கைக்குப் போயின.

அப்படியானால் ராஜாவே திட்டமிட்டுக் கொன்றாரா? என் மனம் அதையும் முழுதாக ஏற்கவில்லை. கொலை செய்யப் போகிறவர் கவசமில்லாமல், வேட்டை உடுப்போடு, எதிரியின் ஊரில், எதிரியின் பூட்டுக்குள் போய் அகப்படுவாரா? அண்ணன் தம்பி திட்டமிட்டார்கள் என்பதும் நிற்கவில்லை. ராஜாவைப் பிடிக்கக் காத்திருந்தவர்கள் வீட்டில் ஒரு மணி நேரம் சாப்பாடு ஆகாமல் கிடக்குமா? நதிக்கரையில் படகு எங்கே, ஆட்கள் எங்கே? முப்பது வருஷத்துக்கு மேல் பகை ஊறிய இரண்டு குடும்பத்தின் பிள்ளைகள் ஒரு சின்ன அறையில் தனியாக நின்றார்கள், கடனோ அப்பாவின் தலையோ ஏதோ ஒரு பேச்சு வெடித்தது, ராஜா பயந்து ஜன்னலுக்கு ஓடினார், மீதியைப் பயமே செய்து முடித்தது. எனக்குப் படுவது இவ்வளவுதான்.

ஆனால் ராஜாங்கம் எனக்குப் பட்டது இது என்று நிறுத்திக்கொள்ளுமா? கௌரியின் பையில் மந்திர எழுத்து எழுதிய தோல்சுருள் இருந்தது, அதை எடுக்கும்வரை அவர் உடலில் இருந்து ரத்தமே வரவில்லை, எடுத்ததும் பொங்கிப் பாய்ந்தது என்று அச்சில் போட்டார்கள். ரிவன் என்ற பெயரையே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ரிவன் கோட்டை ஹண்டிங்டவர் ஆயிற்று; பெர்த்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நிற்கிறது. ஆகஸ்ட் 5 வருஷாவருஷம் நன்றித் திருநாள். ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு ராஜாவானதும் அங்கேயும் அதே திருநாள்! 1605 நவம்பர் 5-ஆம் தேதி பார்லிமென்டுக்கு வெடி வைக்க இருந்த சதி பிடிபட்டபோது, அதுவும் ஐந்தாம் தேதி, அதுவும் செவ்வாய்க்கிழமை என்று ஜேம்ஸே வியந்தார்.

1604 டிசம்பரில் லண்டனில் ஒரு நாடகக் கம்பெனி கௌரியின் கதையை மேடையேற்றியது. இரண்டு தடவை நடந்தது, கூட்டம் அலைமோதியது, உயிரோடு இருக்கிற ராஜாவை மேடையில் காட்டுவதா என்று பெரிய இடத்தில் முணுமுணுப்பு. அந்தக் கம்பெனி யாருடையது தெரியுமா? ஷேக்ஸ்பியர் இருந்த அதே கம்பெனி! நாடகத்தின் ஒரு பக்கம்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

கௌரி செத்து எட்டு வருஷம் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, ஜார்ஜ் ஸ்ப்ராட் என்ற பத்திர எழுத்தர் சிக்கினார். சதியில் ராபர்ட் லோகன் என்ற பிரபுவுக்குப் பங்குண்டு என்று காட்டும் கடிதங்கள் அவரிடம் இருந்தன. சித்திரவதை, வாக்குமூலம், 1608 ஆகஸ்டில் தூக்கு. நான் சொன்னது உண்மை என்றால் தொங்கும்போது அடையாளம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறியவர், கயிற்றில் தொங்கியபடி மூன்று முறை கைதட்டினார்! கடிதங்களோ அவர் கையாலேயே எழுதிய போலிகள் என்று பிற்காலத்தில் கையெழுத்தை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். லோகன் 1606-லேயே இயற்கையாகச் செத்திருந்தார். விட்டார்களா? 1609-இல் அவர் எலும்புகளைத் தோண்டிக் கொண்டுவந்து விசாரணையில் வைத்தார்கள்.

மறுபடியும் அந்த இரண்டு உடல்களுக்கு வருவோம். 1600 நவம்பர் 19. எடின்பரோ சந்தைவெளியில் அண்ணன் தம்பி பிணங்களைத் தூக்கிலிட்டு இறக்கி வெட்டினார்கள். தலைகள் எடின்பரோவில், கை கால்கள் பெர்த், டண்டீ, ஸ்டர்லிங் ஊர்களுக்கு. அதே நாளில் டன்ஃபெர்ம்லின் அரண்மனையில் ராணி அன்னாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் முதலாம் சார்லஸ், 1649-இல் லண்டனில் தலை வெட்டப்பட்ட ராஜா.

கௌரிக்குத் தம்பிகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், வில்லியமும் பாட்ரிக்கும். அண்ணன்மார் செத்த சேதி எட்டியதும் எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு ஓடினார்கள். வில்லியம் கடல் கடந்து போய்விட்டார். 1603-இல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜா ஆனதும் பாட்ரிக்கைப் பிடித்து லண்டன் டவரில் போட்டார்கள். அண்ணன்மார் செத்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். எந்த வழக்கும் இல்லாமல் 19 வருஷம் உள்ளே. அந்த இருட்டில் ரசாயனமும் வைத்தியமும் படித்தார். வெளியே வந்து லண்டனில் வைத்தியம் பார்த்தார். அவர் மகள் மேரி சார்லஸின் அரண்மனைக்கே தோழியாகப் போனாள், சார்லஸை உலகமே அறியும்படி வரைந்தாரே வான் டைக், அந்த ஓவியரையே மணந்தாள்! மேரி வான் டைக்கையும் இழந்தாள், அடுத்து தானும் அப்பாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

பாட்ரிக் ரிவன் 1652-இல் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் இறந்தார். கடன் கட்ட முடியாதவர்களை அடைக்கிற சிறை அது.